பிரான்ஸ், நார்வே, புளூ லேடி

குஜராத்தின் ஆலங் கடற்கரையில் 2006 ஆகஸ்ட் 15 அன்று, கடல் ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து, இழுவைக் கப்பல்கள் ஒரு நீல நிறக் கப்பலைக் கரைச் சேற்றில் ஏற்றிவிட்டன. நீளம் 315 மீட்டர். இரண்டு புகைபோக்கிகள், அவற்றின் பக்கவாட்டில் சிறகுகள். பிறந்தபோது அதன் பெயர் ‘பிரான்ஸ்’. வாழ்நாளில் பெரும்பகுதி ‘நார்வே’. உடைப்பதற்காகக் கைமாறியபோது ‘புளூ லேடி’. இரண்டே ஆண்டுகளில் அது வெட்டப்பட்டு இரும்புத் துண்டுகளாகப் போய்விட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் கிடந்த கப்பல் ஒருநாள் உடைபடுவது இயல்புதானே என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கப்பல் வயதாகிச் சாகவில்லை. பராமரிப்புக் குறைந்து செத்தது. சாகும்போது எட்டுத் தொழிலாளர்களையும் கூடவே கொண்டுபோனது. அதைச் சொல்லத்தான் இந்த இரங்கல்.

பிரான்சின் மேற்குக் கரையில் லுவார் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது சான் நசேர். அந்த ஊர்ப் பட்டறையில் 1957இல் ஏராக்கட்டை வைத்துத் தொடங்கிய வேலை இது. 1960 மே 11 அன்று அதிபர் தெ கோல் அருகில் நிற்க, அவர் மனைவி கப்பலை நீரில் இறக்கிவைத்தார். 1962 பிப்ரவரியில் லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். எட்டுக் கொதிகலன்கள், நான்கு புரொப்பெல்லர்கள், மணிக்கு முப்பது கடல் மைலைத் தாண்டும் வேகம். அட்லாண்டிக்கை ஐந்தே நாளில் கடந்துவிடும். 2004இல் ‘குயீன் மேரி 2’ வரும்வரை உலகின் மிக நீளமான பயணிகள் கப்பல் இதுதான். அந்த ‘குயீன் மேரி 2’வும் இதே சான் நசேர் பட்டறையின் பிள்ளை.

இதைக் கட்டியவர்களின் மனத்தில் ஒரு பழைய காயம் இருந்தது. அதே பட்டறை முன்பு கட்டிய ‘நார்மண்டி’ என்ற பேரழகுக் கப்பல் 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பிடித்துச் சாய்ந்துபோனது. அதனால் ‘பிரான்’சில் மரத்தை முடிந்தவரை ஒதுக்கினார்கள். அலுமினியம், ஃபார்மிக்கா, தடுப்புச் சுவர்களுக்குள்ளே கல்நார். உள்ளே அழகு போதவில்லை என்று அப்போதே குறை சொன்னார்கள். குறை சொன்னவர்களுக்கு நான் உடன்பட மாட்டேன். இரண்டாயிரம் பேரை நடுக்கடலில் வைத்திருக்கும் இடத்தில் தீக்குப் பயந்து கட்டுவதுதான் முறை. அந்தக் கல்நார் நாற்பது ஆண்டு கழித்து வேறொரு நாட்டுத் தொழிலாளியின் நுரையீரலைத் தேடி வரும் என்று அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் பெருமிதம் முழுவதும் அந்தக் கப்பலில் ஏறியிருந்தது. 1962 டிசம்பரில் மோனா லிசா ஓவியம் அமெரிக்காவுக்குப் போனபோது, இந்தக் கப்பலில்தான் முதல் வகுப்பு அறையில் காவலோடு போனது. வளர்ப்பு நாய்களுக்கென்று மேல்தளத்தில் தனிக் கூடம் இருந்தது. அங்கே அமெரிக்க நாய்களுக்கு நியூயார்க் தெருவில் நிற்கும் தீயணைப்புக் குழாய் ஒன்றும், பிரெஞ்சு நாய்களுக்கு அவர்கள் ஊர்ச் சாலையோர மைல்கல் ஒன்றும் நட்டுவைத்திருந்தார்கள். நாய் எந்த மூலையில் காலைத் தூக்கும் என்பது வரை யோசித்த கவனிப்பு அது. பின்னால் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மைல்கல் ஞாபகம் வருகிறது.

கப்பல் நீரில் இறங்குவதற்கு முன்பே, 1958இலேயே ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியிருந்தது. ஐந்து நாள் பயணத்தை ஏழெட்டு மணி நேரம் விழுங்கிவிட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் எட்டுக் கொதிகலனுக்குத் தீனி போட முடியவில்லை. 1974இல் அரசு மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த செப்டம்பரில் ஊழியர்கள் கப்பலைக் கைப்பற்றி, லெ ஆவ்ர் துறைமுக வாசலிலேயே நங்கூரம் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். போராட்டம் சில வாரங்களில் முடிந்தது. கப்பல் ஊருக்கு வெளியே ஒரு மூலையில் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

பிறகு வந்தவர் நார்வேக்காரர் க்னுட் க்ளோஸ்டர். மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் நடத்திய கம்பெனியின் முதலாளி. 1979இல் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார். அன்றைய உல்லாசக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது மலை. பைத்தியக்காரத்தனம் என்றார்கள் பலர். அவரோ வாங்கிய விலையைவிடப் பல மடங்கு செலவழித்து, ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் ஊரில் லாய்ட் வெர்ஃப்ட் பட்டறையில் கப்பலின் தொழிலையே மாற்றினார்.

அந்த மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கப்பலை மறுவாழ்வுக்குத் தயார் செய்வது எப்படி என்பதற்கு அது நல்ல பாடம். கரீபியனில் வேகம் வேண்டாம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு இரவில் நிதானமாகப் போனால் போதும். அதனால் முன்பக்க இயந்திர அறையையே எடுத்துவிட்டார்கள். எட்டுக் கொதிகலன் நான்கானது. நான்கு புரொப்பெல்லர் இரண்டானது. எண்ணெய்ச் செலவு பெருமளவு இறங்கியது. இழுவைப்படகு உதவியில்லாமல் துறைமுகத்தில் திரும்புவதற்காகப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளைப் பொருத்தினார்கள். குளிர்ந்த அட்லாண்டிக்குக்காக மூடிவைத்த தளங்களைத் திறந்து வெயிலுக்கு விட்டார்கள். தீவுத் துறைமுகங்களில் நுழைய முடியாத அளவு பெரிய கப்பல் என்பதால், நானூறு பேர் ஏறக்கூடிய இரண்டு பெரிய படகுகளை முன்தளத்திலேயே ஏற்றிவைத்தார்கள். பயணிகளை அவை மணற்கரை வரை கொண்டுபோய் இறக்கும். கறுப்பு உடல் நீலமானது. 1980இல் ‘நார்வே’ மயாமிக்கு வந்தது.

பைத்தியக்காரத்தனம் பலித்தது. போகும் ஊருக்காக அல்ல, கப்பலுக்காகவே மக்கள் சீட்டு வாங்கினார்கள். இன்று கப்பலுக்குள்ளேயே தெருவும் நீச்சல்குளமும் நாடக அரங்கும் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த எண்ணம் காசாகும் என்று முதலில் நிரூபித்தது ‘நார்வே’தான். அதைப் பார்த்துப் போட்டியாளர்களும் பெரிய கப்பல் கட்டக் கிளம்பினார்கள். 1988இல் ராயல் கரீபியன் கம்பெனியின் ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ அளவில் இதை முந்தியது. அதுவும் சான் நசேரில் கட்டியதுதான்.

இங்கேதான் வழி பிரிந்தது.

பயணக் கப்பலை வைத்திருப்பதில் இரண்டு வகைச் செலவு உண்டு. ஐந்தாண்டுக்குள் இருமுறையாவது கப்பலை உலர்துறையில் ஏற்றியாக வேண்டும். தண்ணீரை வடித்துக் கட்டைகள் மேல் உட்காரவைப்பார்கள். அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசையும் பாசியையும் சுரண்டி, மறுபடி ஒட்டாத பூச்சு அடிப்பார்கள். அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுவார்கள். தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒலியலைக் கருவியை வைத்து இடம் இடமாக அளப்பார்கள். வால்வு, தண்டு, சுக்கான் எல்லாம் பிரித்துப் பார்க்கப்படும். இதெல்லாம் எந்தப் பயணியும் பார்க்காத வேலை. கப்பல் உலர்துறையில் நிற்கும் அதே இரண்டு மூன்று வாரத்துக்குள் மேலே இன்னொரு படை வேலை செய்யும். தரைவிரிப்பு மாற்றும், கட்டில் மாற்றும், புது உணவகம் திறக்கும், பால்கனி வைத்த அறைகளைக் கூட்டும். சில கப்பல்களைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் புதுத் துண்டு சேர்த்து ஒட்டுவதும் உண்டு. ‘என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸ்’ கப்பலுக்கு 2005இல் ராட்டர்டாமில் அப்படி 22 மீட்டர் சேர்த்தார்கள். விளம்பரத்தில் வருவதும் டிக்கெட் விலையை ஏற்றுவதும் இந்த மேல்வேலைதான். கீழ்வேலைக்குப் போகும் பணம் வரவாகத் திரும்புவதில்லை. விபத்து நடக்காமல் இருப்பதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

1986–87 குளிர்காலத்தில் பிரெமர்ஹாவனுக்கு ‘குயீன் எலிசபெத் 2’ வந்தது. ‘பிரான்’சுக்கு ஏழு ஆண்டு இளைய பிரிட்டிஷ் கப்பல். அதுவும் நீராவியில் ஓடியதுதான். லாய்ட் வெர்ஃப்ட் பட்டறையில் அதன் கொதிகலன்களையும் டர்பைன்களையும் மொத்தமாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஒன்பது டீசல் இயந்திரங்களை உள்ளே வைத்தார்கள். மாதக்கணக்கில் வருமானம் இல்லாமல் கிடந்து செய்துகொண்ட இதய அறுவை சிகிச்சை அது. அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் ஓடி, 2008இல் ஓய்வு பெற்று, இப்போது துபாயில் ஓட்டலாக நிற்கிறது.

மூன்றாண்டு கழித்து, 1990இல், அதே பட்டறைக்கு ‘நார்வே’ வந்தது. அதன் தலைமேல் கண்ணாடி வைத்த இரண்டு புது அடுக்குகளைக் கட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொகுசு அறைகள் கூடின. மிகப் பெரிய பயணக் கப்பல் என்ற பட்டமும் திரும்பி வந்தது. கொதிகலன்கள் 1962இல் ஓடத் தொடங்கியவையே. ஏற்கெனவே மெலிந்து நீண்டிருந்த அந்த உருவத்தின் மேல் இந்த அடுக்குகள் பெட்டி வைத்ததுபோல உட்கார்ந்தன. கப்பல் ரசிகர்கள் இன்றும் அதற்காக வருந்துகிறார்கள். என் வருத்தம் அழகைப் பற்றியதல்ல. அந்தப் பணம் மேலே போனதைப் பற்றியது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கொதிகலன்கள் நியூயார்க் ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒருமுறை மூட்டினால் நாட்கணக்கில் ஒரே சூட்டில் எரியும். கரீபியன் பயணத்திலோ தீவுக்குத் தீவு அணைப்பதும் மூட்டுவதும்தான் வேலை. ஒவ்வொரு முறையும் கனத்த எஃகு விரியும், சுருங்கும். உள்ளே போகும் நீரின் தூய்மையிலும் கவனம் குறைந்தால், எஃகில் ஊசிமுனைக் குழிகள் விழும். குழி வளர்ந்து பிளவாகும். முந்தைய ஆண்டுகளில் இப்படிப் பிளவுகள் கண்டறியப்பட்டு வெல்டிங் வைத்து அடைக்கப்பட்டும் இருந்தன.

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. கரீபியன் சுற்று முடிந்து ‘நார்வே’ விடியற்காலையில் மயாமியில் கட்டிக்கொண்டது. பயணிகள் எழுந்து பெட்டி கட்டும் நேரம். காலை ஆறரை மணி கடந்ததும், கீழே, நான்கில் ஒன்றான 23ஆம் எண் கொதிகலனின் அடிப்பாகத்தில் நீரைத் தாங்கும் தடித்த எஃகு உருளை, வெல்டிங் வரியோடு பிளந்தது. கொதிகலனுக்குள் இருப்பது சாதாரண வெந்நீர் அல்ல. நூறு டிகிரியை எப்போதோ தாண்டியும், அழுத்தம் அமுக்கி வைத்திருப்பதால் மட்டும் நீராகவே இருக்கும் நீர். அடைப்பு திறந்த கணத்தில் அது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகிவிடும். அன்று வெளியே பாய்ந்தது ஏறத்தாழ இருபது டன். கொதிகலன் அறையை நிறைத்து, வழி கிடைத்த பக்கமெல்லாம் ஏறி, ஊழியர்களின் குடியிருப்புப் பகுதிக்குள்ளும் புகுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். பத்துப் பேருக்குப் பலத்த காயம். அவர்களில் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவருக்குக்கூடக் காயமில்லை. ஆவி அவர்கள் இருந்த தளங்களை எட்டவில்லை.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துத் தந்த முடிவு வெளிப்படையானது. கொதிகலனை இயக்கியதிலும் பராமரித்ததிலும் சோதித்ததிலும் கம்பெனியின் பக்கம் குறை. அதனால் எஃகு நலிந்து, பிளவு பெருகி, வெடித்தது. கப்பலுக்குத் தகுதிச் சான்று கொடுத்த நிறுவனத்தின் ஆய்வும் போதாதது. கப்பலை ஓட்டிய நார்வீஜியன் குரூயிஸ் லைன் கம்பெனி 2008இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் பத்து லட்சம் டாலர். இழப்பீடு தனி.

கப்பலை அட்லாண்டிக் தாண்டி பிரெமர்ஹாவனுக்கு இழுத்துப் போனார்கள். இரண்டு முறை உயிர் கொடுத்த அதே ஊர். மூன்றாம் முறை கொடுக்கவில்லை. 2004இல், இனி இது ஓடாது என்று அறிவித்தார்கள். அப்போது கம்பெனி மலேசியாவின் ஸ்டார் குரூயிசஸ் கையில் இருந்தது. 2005இல் ஆசியாவில் வேறு பயன் இருப்பதாகச் சொல்லி போர்ட் கிள்ளானுக்கு இழுத்து வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உடைப்புக்கு விற்றாகிவிட்டது.

2006 பிப்ரவரியில் வங்கதேசம் உள்ளே விட மறுத்தது. காரணம் கல்நார், 1,200 டன்னுக்கு மேல். அதே மாதம் பிரான்சின் பழைய விமானந்தாங்கிப் போர்க்கப்பல் ‘கிளமான்சோ’வும் உடைப்பதற்காக ஆலங் நோக்கி வந்துகொண்டிருந்தது. கல்நார் பிரச்சினையால் கிளர்ச்சி எழுந்ததும் அதிபர் சிராக் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார். 1974இல் ‘பிரான்ஸ்’ நிறுத்தப்பட்டபோது பிரதமராக இருந்தவரும் அவரேதான். ‘கிளமான்சோ’ அரசின் சொத்து, அதனால் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. ‘புளூ லேடி’யை அழைத்துக்கொள்ள யாரும் இல்லை. பருவமழைக் கடலில் வெளியே நிறுத்திவைக்க முடியாது என்று ஆலங்குக்குள் விட்டார்கள். வெட்டலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2007 செப்டம்பர் 11 அன்று அனுமதி கிடைத்தது.

காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பத்து மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. ஏற்றத்தில் கரையேற்றிய கப்பல் வற்றத்தில் தரையில் நிற்கும். உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த கூலிகள் காஸ் கட்டரோடு ஏறுவார்கள். முன்பக்கத்திலிருந்து தகடு தகடாக அறுத்துக் கீழே தள்ளுவார்கள். ஆலங் சாலையின் இருபுறமும் மைல் கணக்கில் கடைகள். கேபின் கதவு, கட்டில், மெத்தை, பீங்கான் தட்டு, உயிர்காப்புச் சட்டை என்று கப்பலின் உள்ளுடம்பு முழுக்க அங்கே விலைக்குக் கிடைக்கும். ‘பிரான்’சின் மூக்கை, அதாவது அணியத்தின் முனையை மட்டும் தனியாக வெட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோய் 2009இல் ஏலம் விட்டார்கள். இப்போது அது லெ ஆவ்ர் நகரில் நிற்கிறது.

இதற்குப் பின் சட்டங்கள் கூடின. பழைய கப்பலில் எரியும் பொருள் இருக்கக் கூடாது என்ற பன்னாட்டு விதி 2010 அக்டோபரில் இறுகியபோது, பல முதிய கப்பல்கள் தொழிலை விட்டன. இந்தியா 2019இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் கொண்டுவந்தது. கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் ஒப்பந்தம் 2009இல் எழுதப்பட்டு 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் கொரோனா வந்து பயணக் கப்பல் தொழில் முடங்கியது. ‘நார்வே’யை முந்திய அந்த ‘சாவரின்’ 2020இல் துருக்கியின் அலியாகா கரையில் வெட்டுப்பட்டது. மும்பையிலிருந்து 2019இல் ஓடத் தொடங்கிய ‘கர்ணிகா’ என்ற உல்லாசக் கப்பல் அடுத்த ஆண்டே ஆலங் போய்ச் சேர்ந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் வெளியூர்க் கதையல்ல. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1966இல் டன்கர்க்கில் ‘பாஸ்தேர்’ என்ற பெயரில் பிறந்த பிரெஞ்சுக் கப்பல்தான். 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலரைப் பறிகொடுத்தபின் அதுவும் உடைப்புக்குப் போனது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கிய ‘கார்டிலியா எம்ப்ரஸ்’, 1990இல் சான் நசேரில் கட்டப்பட்டு, ராயல் கரீபியனில் உழைத்துவிட்டு இங்கே வந்தது. அந்தக் கப்பலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தியா பல காலத்துக்குப் பிறர் ஓட்டி முடித்த கப்பல்களைத்தான் வாங்கப்போகிறது. அவற்றின் இயந்திர அறையில் வேலைக்கு இறங்கப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள். சீட்டு வாங்குகிறவர்கள் அறையின் படத்தைப் பார்த்ததோடு நிற்காமல், கடைசியாக உலர்துறை ஏறியது எப்போது, இயந்திர அறையில் எதை மாற்றினீர்கள், சோதித்தது யார் என்று கேளுங்கள். கப்பல் துறை இயக்குநரகம் அந்த விவரங்களை ஒவ்வொரு பயணக் கப்பலுக்கும் பொதுவில் வெளியிட வேண்டும்.